ஐஸ் ஹொக்கி: பார்க்கும் முறையும் பொறுக்கும் முறையும்

பக்கைத் தேடாதீர்கள். ஐஸ் ஹொக்கி பார்க்கப் புதிதாக உட்காருகிற எல்லாரும் விடுகிற முதல் பிழை அதுதான். பக் என்றால் 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு, கறுப்பு இறப்பர் வட்டு. துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைத்து எடுப்பார்கள். நன்றாக ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டும். அதைக் கண்ணால் துரத்திக்கொண்டிருந்தால் கால் மணித்தியாலத்தில் தலையிடிதான் மிஞ்சும். ஆட்களைப் பாருங்கள். கோலைக் காக்கிறவரின், அதாவது கோலியின், முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். பக் அங்கேதான் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த நொடி அங்கே வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதமாகிற மருமகன் ஒருவன் எங்கள் வீட்டில் நிற்கிறான். கிரிக்கெற்றில் ஊறியவன். அக்டோபர் பிறந்ததும் பேருந்தில், வேலையில், கோப்பிக் கடையில் என்று ரொறன்ரோ முழுவதும் ஊர் அணியான லீஃப்ஸ் கதைதான். "இதை எப்படி மாமா பார்க்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த விளையாட்டைத் திட்டிக்கொண்டும், அடுத்த நாளே திரும்பவும் பார்த்துக்கொண்டும் இருக்கிறவன் நான். அதனால் புகழ்ச்சியை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பனித்தரையில் இன்றைக்கு நடக்கிற ஆட்டம்போல் நான் வந்த காலத்தில் இல்லை. அவ்வளவு வேகம், அவ்வளவு கைத்திறன். கோளாறெல்லாம் தரையைச் சுற்றி நடக்கிற வியாபாரத்தில். இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கப் பழகினால் பாதி எரிச்சல் போய்விடும்.

ஒலிவ் துண்டுப் பாடம்

நான் 1992 கடைசியில் வந்தேன். சென்ற் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடியில் இரண்டு அறை வீட்டுக்குள் ஆறு பேர். வேலை, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கார்ல்ற்றன் தெருவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். 1931இலிருந்து லீஃப்ஸ் விளையாடி வந்த கட்டடம். 1993 வசந்தத்தில் அந்தத் தெருவே நீல உடுப்பாக இருந்தது. சமையலறையில் வானொலி அலறிக்கொண்டிருக்கும். மூத்த சமையற்காரர் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். என் ஆங்கிலம் அவருக்கு விளங்காது, அவர் ஆங்கிலம் எனக்கு விளங்காது. ஏன் இந்த மனுசன் வானொலியைப் பார்த்துக் கத்துகிறான் என்று நான் முழித்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, ஒருநாள் இரும்பு மேசையைத் துடைத்தார். கெச்சப்பால் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். உப்புக் குப்பிகள்தான் ஆட்டக்காரர். கறுப்பு ஒலிவ் துண்டு ஒன்று பக்.

ஒரு குப்பியை முதலில் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டு ஒலிவைப் பின்னால் தள்ளினார். வாயால் விசில் அடித்துத் தலையை ஆட்டினார். பிறகு ஒலிவை முன்னே விட்டுக் குப்பியைப் பின்னால் கொண்டுவந்தார். பெருவிரலை உயர்த்தினார். ஓஃப்சைட் எனக்கு ஒரு சொல்லும் இல்லாமல் விளங்கியது. எதிரணியின் நீலக்கோட்டை முதலில் பக் தாண்ட வேண்டும், ஆள் அதற்குப் பிறகுதான். அவ்வளவே. ரீவியில் யாரோ நீலக்கோட்டில் ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், பக் தன்னை முந்தட்டும் என்று காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்து ஒலிவைத் தன் பக்கத்திலிருந்து ஓங்கித் தட்டினார். அது மேசையின் மறுமுனை தாண்டி நான் கழுவிக்கொண்டிருந்த தொட்டிக்குள் விழுந்தது. அதுதான் ஐசிங். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்டால் விசில். பக் திரும்பவும் உங்கள் கோலுக்குப் பக்கத்தில் வரும். அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு: அடித்த அணி ஆள் மாற்ற முடியாது. களைத்துப்போன அதே ஐந்து பேர்தான் நிற்க வேண்டும். பல கோல்கள் இந்தக் களைப்பில்தான் பிறக்கின்றன. அதனால் ஐசிங்குக்குப் பிறகு வரும் அரை நிமிடத்தில் தேத்தண்ணி போட எழும்பாதீர்கள்.

ஆள் மாறுவதைக் கவனிப்பதுதான் இந்த விளையாட்டின் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். ஓர் அணியில் உடுப்புப் போடுகிறவர்கள் 20 பேர்: 18 ஆட்டக்காரர், 2 கோலி. ஒரு நேரத்தில் தரையில் நிற்பது ஐந்து பேரும் கோலியும். ஒருவர் முக்கால் நிமிடம்போல உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு, ஆட்டம் நிற்காமலே வேலி பாய்ந்து இருக்கைக்குப் போவார். இன்னொருவர் பாய்ந்து வருவார். ஒரு சின்னப் பயிற்சி: ஒரு ஆட்டக்காரரைத் தெரிவு செய்து, அவர் இறங்கியதிலிருந்து திரும்ப ஏறும்வரை அவரை மட்டும் பாருங்கள். பக் எங்கே போனாலும் போகட்டும். எட்மன்ரன் அணியின் கொனர் மக்டேவிட் தரையில் இறங்கும் நாளில் செய்து பாருங்கள். மற்றவர்கள் வேகம் எடுக்கும் இடத்தில் அவர் ஏற்கெனவே வேகத்தில் வருவார். மூன்று நான்கு முறை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு பக் தானாகத் தெரியத் தொடங்கும்.

கரம் விளையாடியவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சுற்றிவர இருக்கும் பலகையை ஹொக்கிக்காரர்கள் நாங்கள் கரம் பலகையின் ஓரத்தைப் பாவிக்கிற மாதிரியே பாவிக்கிறார்கள். எதிரே ஆள் மறித்தால் பலகையில் தட்டி, கோணம் பிடித்து, அந்த ஆளுக்குப் பின்னால் எடுப்பார்கள். மருமகன் இதை என்னைவிடக் கெதியாகப் பிடித்துவிட்டான்.

தண்டனையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஸ்ரிக்கால் தடக்கினாலோ இழுத்தாலோ 2 நிமிடம் கூண்டுக்குள். எதிரணிக்கு ஐந்துக்கு நான்கு. அதற்குப் பெயர் பவர் பிளே.

புள்ளிப் பட்டியல் பொய் சொல்லும்

இனி எரிச்சலுக்கு வருவோம். என்எச்எல் என்கிற ஆண்களின் பெரிய லீக்கில் 32 அணி, ஓர் அணிக்கு 82 ஆட்டம் (2026-27 சீசனிலிருந்து 84, 82 போதாதென்று யார் அழுதார்கள் என்று தெரியவில்லை). வென்றால் 2 புள்ளி. 60 நிமிடத்துக்குள் (20 நிமிடப் பகுதி மூன்று) தோற்றால் 0. சமனாகி, ஓவர்ரைம் என்கிற மேலதிக நேரத்திலோ, கோலியோடு ஒற்றைக்கு ஒற்றையாக அடிக்கிற ஷூட் அவுட்டிலோ தோற்றால் 1. தோற்றவனுக்கும் கைச்செலவுக்குக் காசு கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு.

இதனால் என்ன நடக்கிறது? சில ஆட்டம் 2 புள்ளி பெறும், சில ஆட்டம் 3 புள்ளி பெறும். மூன்றாம் பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆட்டம் சமனாக இருந்தால் இரண்டு அணியும் மெல்லப் பின்வாங்கும். ஆளுக்கொரு புள்ளி பையில் விழப்போகிறதே, ஏன் வீணாகத் துணிய வேண்டும்? பட்டியலிலும் குழப்பம். ஓர் அணி 40 வெற்றி, 30 தோல்வி, 12 ஓவர்ரைம் தோல்வி என்று 92 புள்ளியோடு நிற்கும். பார்க்க நல்ல அணிபோல இருக்கும். கூட்டிப் பாருங்கள்: 40 வெற்றி, 42 தோல்வி.

ஆகவே பட்டியலில் மொத்தப் புள்ளியைப் பார்த்து மயங்காமல், 60 நிமிடத்துக்குள் வென்ற ஆட்டங்கள் எத்தனை என்று ஒரு நிரல் இருக்கும், அதைப் பாருங்கள். புள்ளி சமனானால் லீக்கே முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். எந்த அணி உண்மையில் பலம் என்பது அதில் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

ஓவர்ரைம் மூன்றுக்கு மூன்று, 5 நிமிடம். 2015இல் கொண்டுவந்தபோது நாங்கள் சோபாவின் நுனியில் இருந்து பார்த்தோம். இப்போது பயிற்சியாளர்கள் அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். பக்கைப் பிடித்தவன் கோலை விட்டுத் திரும்பி, வட்டமடித்து, ஆள் மாற்றி, திரும்பவும் வட்டமடிக்கிறான். கோயில் வீதியைச் சுற்றுகிற மாதிரி.

பெண்களின் தொழில்முறை லீக் இந்தப் பிழையை முதல் நாளே தவிர்த்துவிட்டது. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3, பிறகு வென்றால் 2, பிறகு தோற்றால் 1. எல்லா ஆட்டமும் 3 புள்ளி பெறும். இன்னொரு விதியும் அங்கே உண்டு: ஆள் குறைந்து விளையாடுகிற அணி கோல் போட்டுவிட்டால், கூண்டுக்குள் இருப்பவர் உடனே விடுதலை. இந்த இரண்டையும் ஆண்கள் லீக் நாளைக்கே கடன் வாங்கலாம். வாங்கமாட்டார்கள். கேரி பெற்மன் 1993இலிருந்து தலைமையில் இருக்கிறார். லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை அவர் கொடுக்க வரும்போது அரங்கமே கூச்சலிடுவது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. உங்களுக்கும் அந்தச் சத்தம் பழகிவிடும்.

காசுக் கணக்கு கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்

கிரிக்கெற்றில் யார் நன்றாக ஆடுகிறார் என்று கதைப்போம். இங்கே அதோடு சேர்த்து, அவர் எத்தனை மில்லியன் என்றும் கதைப்பார்கள். காரணம் சம்பள உச்சவரம்பு. ஓர் அணி தன் ஆட்டக்காரருக்குக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு எல்லை உண்டு. அதைக் கொண்டுவருவதற்காக உரிமையாளர்கள் கதவைப் பூட்டியதில் 2004-05 சீசன் முழுவதுமே போய்விட்டது. அந்த மாரி எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் என்ன செய்வதென்றே தெரியவில்லை. மனுசிக்கு மட்டும் சந்தோசம்.

2005-06இல் உச்சவரம்பு 39 மில்லியன் அமெரிக்க டொலர். 2025-26 சீசனில் 95.5 மில்லியன். மினசோற்றாவின் கிறில் கப்ரிசோவ் எட்டு வருடத்துக்கு, வருடம் 17 மில்லியன் என்று கையெழுத்து வைத்திருக்கிறார். அதே கிழமையளவில் மக்டேவிட் எட்மன்ரனோடு இரண்டு வருடத்துக்கு வருடம் 12.5 மில்லியனுக்கு ஒப்புக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் எவ்வளவும் கொடுத்திருப்பார்கள். குறைத்து எடுத்ததற்குக் காரணம், மிச்சக் காசில் பக்கத்தில் நல்ல ஆட்கள் நிற்க வேண்டும் என்பது. வென்றுகாட்ட இரண்டு வருடம் தருகிறேன் என்று அணிக்குச் சொன்ன மாதிரியும் எனக்குப் படுகிறது.

உச்சவரம்பை நான் முழுவதும் திட்டமாட்டேன். தொண்ணூறுகளில் கனேடிய டொலர் விழுந்து கிடந்தது. வருமானம் கனேடியக் காசில், சம்பளம் அமெரிக்கக் காசில். 1995இல் கியூபெக் அணி கொலராடோவுக்குப் போய், போன முதல் வருடமே கிண்ணம் தூக்கியது. 1996இல் வின்னிபெக் அணி பீனிக்ஸ் போனது. உச்சவரம்பு இல்லாவிட்டால் எட்மன்ரனும் ஒட்டாவாவும் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் அதே எல்லைதான் நல்ல அணிகளைக் கட்டிக் காக்க விடாமல் பிரிக்கிறது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் பிறந்த லீஃப்ஸ்காரர் மிச் மார்னர், 2024-25 சீசனில் 102 புள்ளி (போட்ட கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்தவர், 2025 கோடையில் வேகாஸுக்குப் போய்விட்டார். புளோரிடா, நெவாடா, ரெக்சாஸ் மாநிலங்களில் மாநில வருமானவரி இல்லை. அதே 10 மில்லியன் அங்கே கையில் கூட வரும். இதைச் சரிக்கட்ட உச்சவரம்பில் ஒரு கணக்கும் இல்லை.

இன்னொரு ஓட்டை இருந்தது. காயம்பட்ட ஆளின் சம்பளத்தை எல்லைக்கு வெளியே வைக்கலாம். சீசன் முடிந்து கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் நேரத்தில் எல்லையே இருக்கவில்லை. 2021இல் ராம்பாவின் நிக்கிற்றா குச்செரோவ் சீசன் முழுவதும் விளையாடாமல், பிளேஓஃப் முதல் நாளில் வந்து இறங்கினார். ராம்பா கிண்ணம் தூக்கியது. எல்லைக்கு மேல் 18 மில்லியன் என்று எழுதிய ரீ சேர்ட்டோடு அவர் கொண்டாடினார். விதியை மீறவில்லை, விதி அப்படி இருந்தது. 2025-26 சீசனிலிருந்து பிளேஓஃபுக்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். நாலு வருடம் பிந்தியாவது ஓட்டையை அடைத்தார்களே.

அணி தெரிவு செய்வது

கனடாவில் ஏழு அணி: மொன்றியல், ரொறன்ரோ, ஒட்டாவா, வின்னிபெக், கல்கரி, எட்மன்ரன், வன்கூவர். கடைசியாகக் கிண்ணம் வென்ற கனேடிய அணி மொன்றியல், 1993. ரொறன்ரோ கடைசியாக வென்றது 1967. நான் பிறக்க முன்னம். நீங்கள் இருக்கும் ஊரின் அணியைப் பிடிப்பதுதான் முறை என்று நினைக்கிறேன், ஆனால் மருமகனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதுக்காரனை லீஃப்ஸ் பக்கம் தள்ளிவிட்ட பாவம் எனக்கு வேண்டாம்.

அணி ஊரோடு இருக்கும் என்றும் நம்பிவிடக்கூடாது. அரிசோனா அணி கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஐயாயிரம் இருக்கைகூட இல்லாத அரங்கில் விளையாடிக்கொண்டிருந்து, 2024இல் யூற்றாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதே நேரம் கியூபெக் நகரத்தில் 2015இல் திறந்த பெரிய அரங்கு இன்றைக்கும் என்எச்எல் அணி இல்லாமல் நிற்கிறது. ஹொக்கி தெரிந்த ஊரில் அரங்கு இருக்கிறது, அணி இல்லை. பாலைவனத்தில் அணி இருந்தது, அரங்கு இல்லை.

ஆனால் பாலைவனம் என்று இளக்காரமாகப் பேசி நான் வாங்கிக்கட்டியதும் உண்டு. 2016இல் லாஸ் வேகாஸுக்கு அணி கொடுத்தபோது, மூன்று வருடத்தில் மூடிவிடுவார்கள் என்று மச்சானோடு கொத்துரொட்டி பந்தயம் பிடித்தேன். முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். 2023இல் கிண்ணம் தூக்கினார்கள். மச்சானுக்கு ஆட்டிறைச்சிக் கொத்து, இரண்டு பார்சல். புளோரிடா 2024, 2025 இரண்டு வருடமும் எட்மன்ரனை வென்று கிண்ணம் எடுத்தது. வெயில் ஊர்க்காரருக்கு ஹொக்கி தெரியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

ரீவியில் பார்ப்பது

சனிக்கிழமை இரவு சிபிசியில் ஹொக்கி நைற் இன் கனடா. 1952இலிருந்து தொலைக்காட்சியில் வருகிறது, இலவசம். தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. 2025-26 சீசனில் திங்கட்கிழமை ஆட்டம் அமேசன் பிரைமில். மற்ற நாட்களுக்கு வேறு சந்தா, வேறு கடவுச்சொல். ஒரு லீஃப்ஸ் சீசனை முழுதாகப் பார்க்க நினைத்தால் எத்தனை இடத்தில் காசு கட்ட வேண்டும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் தேவைப்படாது. முதல் வருடம் சனிக்கிழமை போதும்.

பஞ்சாபி வர்ணனை ஒன்று உண்டு, 2008இலிருந்து. மொழி விளங்காவிட்டாலும் ஒருமுறை கேளுங்கள். 2016 இறுதிப் போட்டியில் பிற்ஸ்பேர்க்கின் நிக் போனினோ கோல் போட்டபோது ஹர்நாராயண் சிங் அந்தப் பெயரையே மூச்சு விடாமல் திரும்பத் திரும்பக் கூவினார். கண்டம் முழுவதும் பரவியது. தமிழில் அப்படி ஒருவர் கூவுவதைக் கேட்க வேண்டும் என்பது என் பழைய ஆசை. "பலகையில் தட்டி... எடுத்தான்... கோல்!" என்று நான் வீட்டில் செய்து பார்ப்பதுண்டு. பிள்ளைகள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

சூதாட்ட விளம்பரம்தான் தாங்க முடியாதது. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ இணையச் சூதாட்டத்தைத் திறந்துவிட்டதிலிருந்து இடைவேளை முழுவதும் அதுதான். பிறகு பலகை விளம்பரத்தையும் டிஜிற்றலாக்கினார்கள். ரீவியில் பார்க்கும்போது ஆட்டம் நடக்கும்போதே பலகையில் படம் ஓடும். கண் தானாக அங்கே போகும். என் வழி: இடைவேளையில் சத்தத்தை நிறுத்திவிடுவது. 18 நிமிடம். சோறு வடிக்கலாம், பருப்பு தாளிக்கலாம். பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அணியின் பெயருக்கு முன்னால் பந்தய விகிதம் பாடமாகக்கூடாது.

நேரில் போவது

முதல் ஆட்டத்தை லீஃப்ஸ் அரங்கில் பார்க்காதீர்கள். கீழ்த்தட்டு இருக்கைகளில் பாதி, நிறுவனங்கள் வாடிக்கையாளரைக் குளிர்விக்க வாங்குகிறவை போலத்தான் எனக்குத் தெரிகிறது. இரண்டாம் பகுதி தொடங்கிப் பல நிமிடம் ஆகியும் அவை வெறுமையாகக் கிடக்கும். மேலே இருப்பவர்கள்தான் சத்தம் போடுகிறவர்கள்.

நான் ஒருமுறை மகனின் பிறந்தநாளுக்கு மறுவிற்பனைத் தளம் ஒன்றில் இரண்டு ரிக்கற் வாங்கினேன். கடைசித் திரைவரை ஒரு விலை, அதற்குப் பிறகு சேவைக் கட்டணம் என்று இன்னொரு விலை. சரி, வருடத்தில் ஒருநாள்தானே என்று அமத்தினேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு இருக்கை ஒரு வரிசையில், மற்றது ஆறு வரிசை பின்னால். மகன் முன்னால் இருந்து ஒவ்வொரு கோலுக்கும் திரும்பிப் பார்த்துக் கையாட்டினான். நானும் ஆட்டினேன். ஆகவே, அமத்துவதற்கு முன் இருக்கை எண் இரண்டும் அடுத்தடுத்தா என்று பாருங்கள். கடைசித் திரையின் விலைதான் உண்மை விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு எக்ஸிபிஷன் மைதானத்தில் இருக்கும் கோக்கா கோலா கொலிசியத்துக்குப் போங்கள். மார்லீஸ் விளையாடுவது அங்கே. லீஃப்ஸின் அடுத்த நிலை அணி. பெண்களின் செப்ரர்ஸ் அணியும் அங்கேதான். ஸ்காபரோவிலிருந்து லேக்ஷோர் கோ ரயிலில் ஏறினால் எக்ஸிபிஷன் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சின்ன அரங்கு, எங்கே இருந்தாலும் ஸ்கேட் பனியை வெட்டுகிற சத்தம் கேட்கும். ரீவி அந்தச் சத்தத்தைக் காட்டுவதே இல்லை. ஆட்டம் தொடங்க அரை மணித்தியாலம் முன்னே போய், கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் உடம்பு சூடாக்குவதைப் பாருங்கள். பக் பலகையில் மோதும்போது நெஞ்சுக்குள் கேட்கும்.

இருக்கை மூலையில், உயரமாக எடுங்கள். கீழே பக்கவாட்டில் இருந்தால் பலகையும் முதுகுகளும்தான் தெரியும். கோலுக்குப் பின்னால் என்றால் வலைக்கூடாகப் பார்க்க வேண்டும், ஆனால் அது பழகிவிடும். அந்த வலை வந்த கதை சோகமானது: 2002இல் கொலம்பஸ் அரங்கில் பறந்து வந்த பக் பட்டு 13 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் எல்லா அரங்கிலும் கட்டாயமாக்கினார்கள். வலை இல்லாத பக்கவாட்டில் இருந்தால் கைப்பேசியைப் பையில் வையுங்கள். சுவெற்றர் போட்டுக்கொண்டு போங்கள். வெளியே கோடையாக இருந்தாலும் உள்ளே குளிர்தான்.

அடிபிடியை என்ன செய்வது

மருமகன் முதலில் கேட்டதே இதுதான். "நடுவர் ஏன் மாமா பார்த்துக்கொண்டு நிற்கிறார்?" கையுறையைக் கழற்றி எறிந்து இருவர் மல்லுக்கட்டினால், ஒருவர் விழும்வரை நடுவர் பொறுப்பார். பிறகு ஆளுக்கு 5 நிமிடம் கூண்டு. முன்பு அடிபிடிக்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். இப்போது அந்த வேலை கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. 2025 பெப்ரவரியில் மொன்றியலில் கனடாவும் அமெரிக்காவும் மோதியபோது முதல் 9 விநாடிக்குள் மூன்று அடிபிடி நடந்தது. அது அரசியல் சூடு.

நானும் ஒரு காலத்தில் எழுந்து நின்று கத்தியவன்தான். 2011இல் டெரெக் பூகார்ட் 28 வயதில் இறந்தார். அடிபிடிதான் அவருடைய தொழில். அவருடைய மூளையைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப அடி வாங்கியதால் வரும் சிதைவு இருந்தது. அதைப் படித்த பிறகு எனக்குக் கதிரையை விட்டு எழும்ப வரவில்லை. எழும்புகிறவர்களைத் திட்டவும் மாட்டேன். உங்களுக்கு எது சரியோ செய்யுங்கள், ஆனால் அதுதான் ஹொக்கி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளேஓஃபில், ஆட்டம் உண்மையிலேயே சூடாகும் நேரத்தில், அடிபிடி குறைந்துவிடும். கூண்டுக்குள் இருக்க யாருக்கும் நேரமில்லை.

ஏப்ரல் வந்தால்

பிளேஓஃப் வேறு விளையாட்டு. நாலு சுற்று, ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத்தில் நாலு வெல்ல வேண்டும். கிண்ணத்துக்கு 16 வெற்றி. ஷூட் அவுட் இல்லை, மூன்றுக்கு மூன்று இல்லை. சமனானால் ஐந்துக்கு ஐந்து, 20 நிமிடம், கோல் விழும்வரை திரும்பத் திரும்ப. அடுத்த நாள் காலை வேலை என்றால் முதல் ஓவர்ரைமோடு படுத்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள், ஒருபோதும் நடக்காது. பிற்பகல் ஒரு தூக்கம் போட்டுவிட்டு உட்காருங்கள்.

லீஃப்ஸ்காரருக்குத் தனியாக ஓர் அறிவுரை: முன்னிலையில் இருக்கும்போது யாருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டாம். 2013இல் பொஸ்ரனோடு ஏழாவது ஆட்டம். 4-1 என்று முன்னால். 11 நிமிடம்கூட மிச்சமில்லை. நான் மச்சானுக்கு எடுத்துப் பெருமையடித்தேன். ஓவர்ரைமில் 5-4 என்று தோற்றோம். 2018, 2019, 2024 மூன்றிலும் அதே பொஸ்ரனிடம், அதே ஏழாவது ஆட்டத்தில். 2025 மே மாதம் புளோரிடாவிடம் சொந்த அரங்கில் 6-1. ஆட்கள் தங்கள் உடுப்பைக் கழற்றித் தரையில் எறிந்தார்கள். நான் எறியமாட்டேன், அந்த விலைக்கு வாங்கிவிட்டு எப்படி எறிவது.

எனக்கு மறக்காதது இதெல்லாம் இல்லை. 1993 மே 29, சனிக்கிழமை. லொஸ் ஏஞ்சலஸோடு ஏழாவது ஆட்டம். வென்றிருந்தால் இறுதிப் போட்டி மொன்றியலோடு. முந்தின ஆட்டத்தில் அவர்களுடைய வெய்ன் கிரெட்ஸ்கியின் ஸ்ரிக் எங்கள் டக் கில்மரின் முகத்தில் பட்டது, நடுவர் கண்டுகொள்ளவில்லை, ஓவர்ரைமில் அதே கிரெட்ஸ்கிதான் கோல் போட்டார். ஊர் முழுவதும் அந்தக் கோபம். சனிக்கிழமை அவர் மூன்று கோல். 5-4 தோல்வி. சமையற்காரர் வானொலியை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசவில்லை. பெரிய சட்டிகளை அவரே எடுத்துக் கழுவத் தொடங்கினார். என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று கை காட்டினார். கார்ல்ற்றன் தெருவால் நடந்து போனேன். அத்தனை சனம் வெளியே வந்துகொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை. செத்தவீட்டிலிருந்து வருகிற மாதிரி. அன்றைக்குத்தான் நான் லீஃப்ஸ் ஆள் ஆனேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டடத்தை லீஃப்ஸ் 1999இல் விட்டுப் போனார்கள். இப்போது கீழ்த்தளம் லோப்லோஸ் பலசரக்குக் கடை. மேலே ஒரு பனித்தளம் இருக்கிறது; பெண்கள் லீக்கின் முதல் ஆட்டம் 2024 ஜனவரி முதலாம் திகதி நடந்தது அங்கேதான், ரொறன்ரோ அதிலும் 4-0 தோல்வி. கீழே கடைக்குள், அலுமாரிகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடம். போன ஞாயிறு மருமகனைக் கூட்டிக்கொண்டு போய் அதில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். தள்ளுவண்டியோடு வந்த வயதான பெண் ஒருவர் எங்களுக்காகக் காத்து நின்றார். மன்னிக்க வேண்டும் என்றேன். பரவாயில்லை, சின்ன வயதில் அப்பா தன்னைச் சாம்பல் நிற இருக்கைக்குக் கூட்டிவருவார் என்று மேலே கையைக் காட்டினார். மலிவான இருக்கைகள், கூரைக்குக் கிட்ட. இப்போது அந்த உயரத்தில் ஒரு மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இந்த வருடம் எப்படி?" என்று கேட்டார்.

கோலி நன்றாக நிற்கிறான், பார்ப்போம் என்றேன். சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வெங்காயம் வாங்கத்தான் போனோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.